வரைபடத்தில் லைன் இருக்கு, கோயிலில் இல்லை

போன மாசம் எங்க தோட்டத்துக் கோயில் பூஜையில ஒரு பாட்டி மயங்கி விழுந்துட்டாங்க. 999க்கு அடிக்க யார் போன்லயும் லைன் இல்ல. தொண்டர் தம்பி ஒருத்தர் மோட்டாரை எடுத்துக்கிட்டு மெயின் ரோட்டுக்குப் போய்த்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பாட்டி பிழைச்சுட்டாங்க.

ஆனா கம்பெனி வரைபடத்துல எங்க தோட்டம் முழுக்க கலர் அடிச்சிருக்கு!

2020-இல் அரசாங்கம் ஜெண்டேலா திட்டத்தை அறிவித்தது. 4ஜி சேவையை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9-க்கு உயர்த்துவது இலக்கு. அது மக்கள் வாழும் பகுதிகளின் கணக்கு. அந்தக் கணக்கில் ஓர் இடம் "லைன் இருக்கு"ன்னு சேர்ந்துட்டா, அங்கே புதுக் கோபுரம் கட்ட யார் வருவா?

தொழிற்சாலையில சரக்கு வந்தா, அனுப்பினவர் சொன்ன எண்ணிக்கையை நாங்க அப்படியே எழுதிக்க மாட்டோம். எண்ணிப் பார்த்துத்தான் கையெழுத்து. தொடர்பு பல்லூடக ஆணையமும் அப்படித்தான் செய்யணும். ரோட்டில் அளந்தா போதாது, செம்பனைக்கு நடுவுல இருக்கிற வீட்டுக்குள்ளயும் வந்து அளக்கணும்.

நாமளும் சும்மா இருக்கக் கூடாது. புகார் போகலன்னா குறையே இல்லன்னுதான் நினைப்பாங்க. லைன் கிடைக்காத இடத்தையும் நேரத்தையும் குறிச்சு வைங்க. ஞாயிறு பூஜை முடிஞ்சதும் மண்டபத்துல உட்கார்ந்து, பெரியவங்களுக்கு நாங்களே புகார் எழுதித் தர்றோம். வாங்க.