மூன்றாம் நாளே முடித்துவிட்டார்கள்

என் மகளுக்கு இப்போது இருக்கும் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயர் மேல் எனக்குக் கோபமில்லை. அதைச் சுமக்கிற பச்சை மண் மேல் சத்தியமாகக் கிடையாது. அதை வைத்த விதத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்த மூன்றாம் நாள் அது. தையல் வலியில் புரண்டு படுக்கவும் முடியாமல் கிடந்தேன். என் கொழுந்தன் வராந்தாவில் ஒரு தாளை வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து, "மைனி, பிள்ளைக்குப் பேரு குடுத்தாச்சு" என்றான். என்ன பேரு என்று நான் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெற்றவள் நான். முன்பாதி மாமியாரின் தாயார் பெயர். பின்பாதி, துபாயில் இருக்கும் நாத்தனார் போனில் பார்த்துச் சொன்ன ஏதோ ஒரு 'ஷா'. இங்கிலீஷில் எழுதும்போது ஒரு 'எச்' கூடுதலாகப் போட்டால் கூட்டுத்தொகை நல்லபடியாக வருமாம். ஞாயிறு தவறாமல் பூசை காண்கிற குடும்பம்! எண் சாஸ்திரத்தை மட்டும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியதில்லை போலும்.

நானும் ஒரு பெயர் வைத்திருந்தேன். பொருநை.

நான் புன்னக்காயல்காரி. பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, நெல்லைச் சீமையின் வயலையெல்லாம் நனைத்துவிட்டு வருகிற தாமிரபரணி கடலைச் சேர்வது எங்கள் ஊரில். பழைய பாட்டுகளில் அந்த ஆற்றுக்குப் பொருநை என்று பெயர். என் அப்பாவின் வள்ளம் அந்த முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போகும், வரும். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து, ஏழாம் மாதத்திலிருந்து சாயங்காலம் அந்தக் கரையில்தான் நடந்தேன். பெண் பிறந்தால் இதுதான் என்று முடிவு செய்து, புருஷனிடமும் சொன்னேன். "பார்ப்போம்" என்றார். "பார்ப்போம்" என்றால் எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகளுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

மாமியாரிடம் வாய்விட்டுச் சொன்னபோது கிடைத்த பதிலை மறக்கவே மாட்டேன். "2023 டிசம்பர்ல வீடு வாசல முக்கின ஆத்துப் பேரையா பொம்பளப் பிள்ளைக்கு வைப்பா? உனக்கு மண்டைக்கு வழியில்லையா?" என்றார். வெள்ளத்தை நான் மறுக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. மேலே இருந்து வந்த தண்ணீரெல்லாம் கடலைத் தேடி எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. அம்மா வீட்டுக் கதவில் சேறு படிந்த கோடு இன்னும் போகவில்லை. அதற்காக ஆற்றைத் தள்ளி வைத்துவிடுவதா? கடல் எத்தனை பேரைக் கொண்டு போயிருக்கிறது! அதற்காகக் கடலைத் தாய் என்று சொல்வதை எந்தப் பரதவனாவது விட்டானா?

அடுத்தது, "அது இந்துப் பேருல்லா" என்ற பேச்சு. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எங்கள் கரையில் ஆண்பிள்ளைகளுக்கு ஜோர்டான் என்று பெயர் வைக்கிறார்களே, அது என்ன? ஆறுதானே? பாலஸ்தீனத்து ஆறு புனிதம், நம் வீட்டுக் கொல்லையில் ஓடுகிற ஆறு வேறு மதமா? 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில்கூட, கிறிஸ்தவப் பெயர் வைக்கப் பெற்றோர் இணங்காவிட்டால் ஒரு புனிதர் பெயரையும் சேர்த்து, இரண்டையும் ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தளர்த்தி, கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயராக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறது. ரோமாபுரி விட்டுக்கொடுத்ததை எங்கள் வீட்டுத் திண்ணை விட்டுக்கொடுக்கவில்லை.

இது ஒரு மாமியார் மருமகள் சண்டை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நான் பார்ப்பது ஐந்நூறு வருஷத்துக் கணக்கு. 1530களில் போர்ச்சுக்கீசியர்கள் வந்து முத்துக்குளித்துறைப் பரதவரை ஆயிரம் ஆயிரமாக ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்த்தபோது, பெர்னாண்டோ, கோமஸ், மச்சாது, மிராந்தா என்று பெயர்கள் வந்து இறங்கின. அதற்கு முன்னால் எங்கள் பாட்டிகளுக்குப் பாட்டிகள் என்ன பெயரில் கூப்பிடப்பட்டார்கள்? யாரும் எழுதி வைக்கவில்லை. 1542இல் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். 1545 ஜனவரியில் அவர் எழுதிய கடிதத்தில், திருவிதாங்கூர்க் கரையில் மக்களுக்கு எப்படி ஞானஸ்நானம் கொடுத்தார் என்று விவரித்திருக்கிறார். ஒவ்வொருவருக்கும் புதுப் பெயரை எழுதியே கொடுப்பாராம். முதலில் ஆண்கள் வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெண்சாதி பிள்ளைகளை அனுப்பி வைப்பார்கள். அவர்களுக்கும் அதே முறையில் பெயர் தரப்படும். சவேரியாரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவரை நம்பித்தான் என் அம்மா பிரசவ அறை வாசலில் நின்றாள். ஆனால் அந்த வரிசை இருக்கிறதே, ஆண்கள் முதலில் போய் வாங்கி வந்துவிட்டுப் பெண்களை அனுப்புகிற வரிசை, அது இன்னும் கலையவில்லை. வராந்தாவில் என் கொழுந்தன் நின்றதும் அதே வரிசையில்தான்.

சவேரியாருக்குப் பின் வந்த அன்றிக்கே அன்றிக்கஸ் சாமியாரைப் பற்றி எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போர்ச்சுக்கல்லில் பிறந்து, புன்னக்காயலில் இருந்து தமிழ் படித்து, தமிழை அச்சில் ஏற்றியவர். புனிதர்களின் கதையைச் சொல்லும் 'அடியார் வரலாறு' 1586இல் வந்தது. எங்கள் ஊரில்தான் அச்சானது என்று ஊரார் சொல்வார்கள். இன்னாசி, சூசை, இராயப்பன், அருளப்பன் என்று வெளிநாட்டுப் புனிதர்களெல்லாம் தமிழ் வேட்டி கட்டிக்கொண்ட கரை இது. அவர்களுக்குக் காட்டிய இணக்கத்தில் பத்தில் ஒரு பங்கை உள்ளூர் ஆற்றுக்குக் காட்டக்கூடாதா?

சட்டத்துக்கு வருகிறேன். நான் பி.எட். படித்தவள், வாசிக்கத் தெரியும். ஆனால் எல்லாம் முடிந்த பிறகுதான் வாசித்தேன், அதுதான் வயிற்றெரிச்சல். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தையின் பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டியது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. பிறப்பைப் பதியப் பெயர் வேண்டாம். பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடலாம். தமிழ்நாட்டு விதியில் 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். அரசாங்கம் எனக்கு ஒரு முழு வருஷம் கொடுத்திருந்தது. என் வீட்டார் மூன்று நாளில் அதைத் தின்றுவிட்டார்கள்.

மாற்றலாமா என்று விசாரித்தேன். ஏறிய பெயரில் பிழை இருந்தால் திருத்தலாமாம், வேறு பெயர் மாற்ற முடியாதாம். என்னைக் கேட்காமல் வைத்ததே பிழை என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது? வளர்ந்த பிறகு வேண்டுமானால் அரசிதழில் விளம்பரம் கொடுத்து மாற்றிக்கொள்ளட்டும் என்று யோசனை சொன்னார்கள். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஆதார், ஓட்டு, வேலை என்று எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. அந்தக் காகிதம் ஒரு பெயர் சொல்லும், பிள்ளை வேறு பெயர் சொல்லுமா?

கேரள உயர் நீதிமன்றத்துக்கு 2023இல் ஒரு வழக்கு வந்தது. பிரிந்து வாழும் தாயும் தகப்பனும் மகளுக்கு ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். சான்றிதழில் பெயரில்லை என்று பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் நீதிமன்றமே பெயரைத் தேர்ந்தெடுத்தது. பிள்ளை தாயோடு வளர்வதால் தாய் சொன்ன பெயருக்கு மதிப்புக் கொடுத்து, தகப்பன் பெயரையும் பின்னால் சேர்த்தது. அதற்கு முந்திய வருஷம் ஜூலையில் உச்ச நீதிமன்றம், தகப்பன் இறந்த பின் தாய்தான் இயற்கைக் காப்பாளர், பிள்ளையின் குடும்பப் பெயரை முடிவு செய்ய அவளுக்கு உரிமை உண்டு என்றது. நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் ஒருத்தி புருஷனைப் பிரிந்திருந்தாள், இன்னொருத்தி புருஷனைப் பறிகொடுத்திருந்தாள். புருஷனோடு சேர்ந்து வாழ்கிறவள் எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்? தையல் பிரிக்கும் முன்னே வக்கீலைத் தேடுவாளா?

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்றே எனக்கும் வைத்துவிட்டார்கள். நான் வாக்கப்பட்ட ஊரில் இனி யாரும் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடப் போவதில்லை. கடைக்காரர், பால்வாடி டீச்சர், எதிர்வீட்டு மாமி எல்லோருக்கும் நான் அந்தப் பெயரோடு ஒரு 'அம்மா' சேர்ந்தவள். நான் பிறந்த ஆறு அதில் இல்லை. நாத்தனாரின் கூட்டுத்தொகை இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய அடி என் புருஷன் கொடுத்தது. அழுதுகொண்டிருந்தவளைச் சமாதானம் பண்ணுவதாக நினைத்து, "நீ வீட்ல பொருநைன்னு கூப்பிட்டுக்கோயேன், யாரு வேண்டாம்னா?" என்றார். வீட்டில்! அடுக்களையில், தொட்டில் பக்கத்தில். பதிவேடு அவர்களுக்கு, தாலாட்டு எனக்கு. நல்ல பாகப்பிரிவினை. அவர் கெட்டவர் இல்லை. என் வலி என்னவென்றே அவருக்குப் புரியாது, அதுதான் கொடுமை.

கொழுந்தன் பெண்டாட்டிக்கு இப்போது ஆறு மாதம். துபாயிலிருந்து பெயர்ப் பட்டியல் வரத் தொடங்கிவிட்டது. போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அவளைத் தனியே நிறுத்திச் சொன்னேன்: "தாளு கொண்டாந்தா பேரு இருக்க எடத்த வெறுமையா விடச் சொல்லு. ஒரு வருஷம் உண்டு. உன் மாப்பிள்ளை கேட்டா, மைனிதான் சொன்னான்னு சொல்லு." அவள் பயந்த மாதிரிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து மாமியாரிடமும் நானே சொல்லிவிட்டேன். அன்றையிலிருந்து மாமி என்னோடு பேசுவதில்லை.