ஒரு தலையில் இரு கட்டிகள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பண்டத்தரிப்புச் சந்தையிலிருந்து வீடு திரும்பியபோது, எமது அயலவர் ஒருவர் விறாந்தையில் காத்திருந்தார். கையிலே ஒரு பெரிய கடிதவுறை. உள்ளே அவர் மனைவியின் தலையைப் படம் பிடித்த அறிக்கை. மூன்று மாதமாக அந்த அம்மையாருக்கு விடியற்காலைத் தலையிடி, எழுந்தவுடன் சத்தி. பின்னர் ஒருநாள் வலக்கை சோர்ந்து தேநீர்க் கோப்பை நழுவி விழுந்தது. அதன் பிறகே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தமையால் எம்மிடம் வந்தார். நாம் வைத்தியர் அல்லோம் என்றோம்; அவர் கேட்கவில்லை.

"மாஸ்ரர், இரண்டு இடத்திலை கட்டி இருக்காம். பரவிப்போச்சு. இனி என்ன செய்தும் பிரயோசனமில்லைத்தானே?" என்றார்.

இருமுறை படித்தோம். பரவியது என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. ஒன்று மூளையைப் போர்த்துள்ள சவ்விலிருந்து எழுந்தது போலும், மற்றது மூளைக்குள்ளேயே தோன்றியது போலும் என்றும், இரண்டும் வெவ்வேறு இனத்தனவாகலாம் என்றும், இழையப் பரிசோதனை வேண்டும் என்றுமே எழுதியிருந்தது. இரண்டு என்றவுடன் பரவல் என்று நெஞ்சம் முடிவுகட்டிவிடுகின்றது. படித்தவர்களும் இதற்கு விலக்கல்லர்.

நுரையீரலிலோ மார்பகத்திலோ தோன்றிய புற்று, குருதி வழியே மூளையை வந்தடைவதுண்டு. மூளையிலும் அதன் உறைகளிலுமே பிறக்கும் கட்டிகள் வேறு. பின்னையவற்றுள் பெரும்பாலும் காணப்படுவது மெனிஞ்சியோமா. இது சவ்விற் பிறந்து, மெல்ல வளர்ந்து, மூளையை வெளியிலிருந்து அழுத்துவது. பெரும்பாலும் தீங்கற்ற இனம். கிளையோமா என்பது நரம்புக் கலங்களைத் தாங்கி நிற்கும் துணைக் கலங்களிற் பிறந்து மூளையோடு மூளையாக ஊடுருவுவது. அதன் கொடிய வகை மாதக் கணக்கில் உயிரைக் குடிக்கும். இவ்விரண்டும் ஒருவர் தலையில் ஒருங்கே இருத்தல் மிக அரிது, ஆயினும் இல்லாததன்று. 1947ஆம் ஆண்டிலேயே பீரிங், டேவிடொவ் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதி வெளியிட்டனர். அக்காலத்தில் மண்டையைத் திறந்தாலன்றி, அல்லது இறந்தபின் பரிசோதித்தாலன்றி, இதனை உறுதியாக அறிய வழியில்லை. 1971 ஒக்ரோபர் 1ஆந் திகதி இலண்டன் அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதல் நோயாளியின் தலையைக் கணினிக் கதிர்ப்படம் பிடித்த பின்னரே உயிரோடிருப்பவர் மூளைக்குள் பார்க்கும் கண் கிடைத்தது.

கண் கிடைத்தும் தவறு நேர்வதுண்டு. பல குறிகளுக்கும் ஒரே நோயைக் காரணமாகத் தேடுவது வைத்திய மாணவர்க்குக் கற்பிக்கப்படும் நல்ல பழக்கம். ஆனால் தீங்கற்ற கட்டியொன்றைக் கண்டதும் தேடல் நின்றுவிடின், அருகில் ஒளிந்திருக்கும் கொடியது தப்பிவிடும். மறுபுறம், கொடியதைக் கண்டு மற்றதையும் அதன் பிள்ளை எனக் கொண்டால், எளிதில் அகற்றத்தக்கதையும் கைவிட நேரும். எமது அயலவர் சைக்கிளில் வரும்போதே இந்த இரண்டாவது தவறைச் செய்து முடித்திருந்தார்!

ஏன் இரண்டு வருகின்றன? பெரும்பாலும் தற்செயல் என்பதே விடை. இஸ்ரவேலில் 1948 முதல் 1960 வரை, தலையிற் படர்தாமரை கண்ட சிறுவர்க்கு எக்ஸ் கதிர் பாய்ச்சி வைத்தியம் செய்தனர். அவ்வாறு கதிர் பெற்ற 10,834 பேரைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வு 1988இல் வெளிவந்தது. மெனிஞ்சியோமா அவர்களிடம் ஒன்பது மடங்குக்கு மேலும், கிளையோமா இரண்டரை மடங்களவிலும் கூடியிருந்தது. ஒரே காரணம் இருவகைக் கட்டிக்கும் வித்தாகலாம் என்பதற்கு இது சான்று. (பல்லுக்கும் நெஞ்சுக்கும் இன்று எடுக்கும் படங்களில் உள்ள கதிர் மிகச் சிறிது; அஞ்ச வேண்டா.)

"மகளுக்கும் வருமோ?" என்று கேட்டார் அயலவர். 22ஆம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகு பழுதுற்றால் செவி நரம்புக் கட்டிகளும் மெனிஞ்சியோமாக்களும் ஒருவரிடமே தோன்றும். அது பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் செல்லப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. ஆயின் அது பெரும்பாலும் இளமையிலேயே, காது மந்தத்தோடும் இரைச்சலோடும் வெளிப்படுவது. அறுபது கடந்த இவ்வம்மையாருக்குக் காது நன்றாகக் கேட்கும். எனினும் அக்கேள்வியை வைத்தியரிடம் தவறாது கேட்கும்படி சொன்னோம்.

வேலூருக்குக் கொண்டுபோகும்படி மைத்துனர் வற்புறுத்துகிறாராம். இவ்வூரார் வேலூரை நினைப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. 1820இல் இதே பண்டத்தரிப்பில் குடியமர்ந்து வைத்தியம் தொடங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர், 1836இற் சென்னைக்குப் பெயர்ந்தார். அவர் பேர்த்தி ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் தொடங்கிய சிறு மருந்துச்சாலையே பின்னர் பெரிய வைத்தியக் கல்லூரியாயிற்று. இந்தியாவின் முதல் நரம்புச் சத்திரசிகிச்சைப் பிரிவை டொக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் அங்குதான் நிறுவினார். எங்கே போவது என்பது அவர்கள் தீர்மானம். எங்கே போயினும் இழையப் பரிசோதனை முடிவைக் கேட்காது திரும்ப வேண்டாம் என்றோம்.

மறுநாள் அம்மையாரே வந்தார். தமக்கு வந்தவற்றின் பெயரைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார். மானிப்பாயிலிருந்து மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கிய டொக்டர் கிறீன் 1884இல் மறைந்தார். மெனிஞ்சியோமா என்ற பெயரோ 1922இலேதான் ஹார்வி குஷிங் இட்டது. ஆதலின் நாமே துணிந்து, 'சவ்வுக்கட்டி' என்றும் 'துணைக்கலக்கட்டி' என்றும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அவர் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இதிலை எது முதல் வந்தது?" என்று கேட்டார். அது இந்த ஒரு படத்தில் தெரியாது என்றோம். தாளை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.