நாம் இப்போது எங்கே இருக்கிறோம்?



சென்ற மாதம் இரத்தினபுரியில் என் ராத்தா வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். வெளியே அடைமழை. வீட்டுக்குள்ளே அதைவிடப் பெரிய மேகமூட்டம்! உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மகன், உம்மாவோடு மூன்று நாளாகப் பேசவில்லை.

காரணம் என்ன தெரியுமா? இரவு ஒரு மணிக்கு அவன் கம்பியூட்டரில் லண்டனிலிருந்து நியூயோர்க்குக்கு விமானம் ஓட்டிக்கொண்டிருந்தான். பொறுமையிழந்த ராத்தா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். "மூன்று மணித்தியாலம் பறந்து நடுக்கடலில் இருந்தேன், சாச்சி. எல்லாம் போய்விட்டது" என்றான் அவன். ராத்தாவோ, "கடலுமில்லை, பிளேனுமில்லை தங்கச்சி. ராவெல்லாம் விழித்திருக்கிறான், சுபஹுக்கு எழும்புகிறானில்லை" என்று கண் கலங்கினார்.

உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே கதை நடக்கிறது? பிள்ளை என்னதான் செய்கிறான் என்று ஒருநாளாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோமா? நானும் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன்.

'ஃபிளைட் சிமியுலேட்டர்' என்பது விமான ஓட்டத்தை அப்படியே காட்டும் விளையாட்டு. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 1982இல் இதன் முதற் பதிப்பை வெளியிட்டது. இதிலே சுடுவதில்லை, அடிப்பதில்லை. புறப்படுமுன் பாதையைத் திட்டமிடுவதே பெரிய வேலை. மகனின் அப்பியாசக் கொப்பியில் பக்கம் பக்கமாக எண்கள்!

"லண்டனிலிருந்து நியூயோர்க் தென்மேற்கே இருக்கிறது. நீ ஏன் வடக்கே வளைந்து போகிறாய்?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டேன். அவன் ஒரு தோடம்பழத்தையும் நூலையும் எடுத்து வந்தான். பழத்தின் மேல்பாதியில், ஒரே உயரத்தில், தூரதூரமாக இரண்டு புள்ளிகள் வைத்து நூலை இழுத்துப் பிடித்தான். நூல் தானாகவே காம்புப் பக்கம் மேலேறி வளைந்தது! உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி அதுதான். தட்டையான படத்தில்தான் அது சுற்றுவழி போலத் தெரிகிறது. நியூயோர்க்கில் உள்ளவர்கள் வடகிழக்கு நோக்கித் தொழுவதும் இதனால்தான். படத்தில் மக்கா அவர்களுக்குத் தென்கிழக்கே இருக்கிறது. நூலைப் பிடித்தால் வடகிழக்கே போகிறது. சகோதரிகளே, உங்கள் அடுப்படியிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

அந்த வழியை விமானிகள் புள்ளி புள்ளியாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துப் பெயர் உண்டு. அயர்லாந்துக்கு மேற்கே லிம்ரி, மாலட், டினிம் என்று சில புள்ளிகள். அர்த்தம் எதுவும் தேவையில்லை, வானொலியில் சொன்னால் தெளிவாகக் கேட்க வேண்டும். அதற்கப்பால் பெயரும் இல்லை, எண்கள்தான். 52 பாகை வடக்கு, 20 பாகை மேற்கு. பிறகு 30 மேற்கு, 40 மேற்கு என்று கனடாவின் கரை வரை போகும். அத்திலாந்திக் கடலின் மேல் காற்று பலமாக மேற்கிலிருந்து கிழக்கே வீசும். அமெரிக்கா போகும் விமானம் அதைத் தவிர்க்கப் பார்க்கும், திரும்பி வரும் விமானம் அதிலே ஏறிக்கொள்ளும். ஆகவே பாதைகளும் காற்றைப் பார்த்து நாளுக்கு நாள் மாறும்.

தரையிலுள்ள ராடார் நடுக்கடலுக்கு எட்டாது. பல ஆண்டுகளாக விமானிகள் பத்துப் பாகைக்கு ஒரு தடவை, தாம் எங்கே இருக்கிறோம் என்பதை வானொலியில் அறிவித்துக்கொண்டே போனார்கள். 30 பாகை மேற்குவரை அயர்லாந்து, பிரித்தானியாவின் பொறுப்பு. அதற்கப்பால் கனடாவின் பொறுப்பு. 2019 முதல் செய்மதிகளும் கண்காணிக்கின்றன.

ஒரு எண் தவறினால்? 1979 நவம்பர் 28இல் நியூசிலாந்திலிருந்து அந்தாட்டிக்காவைச் சுற்றிக் காட்டப் போன விமானத்துக்கு அதுதான் நேர்ந்தது. புறப்படுவதற்குச் சில மணித்தியாலங்களுக்கு முன் பாதைப் புள்ளி ஒன்றின் எண்கள் மாற்றப்பட்டன. விமானிகளுக்கு யாரும் சொல்லவில்லை. எரெபஸ் மலையில் மோதி 257 பேர் மாண்டனர். அதனால்தான் விமானத்தில் ஒருவர் எண்களை இட்டால், மற்றவர் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி.

இதையெல்லாம் மூலையில் தஸ்பீஹோடு இருந்த மகனின் மூத்தம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "ஹாஜிமார் வந்த பிளேனும் இப்படித்தானே மலையில் அடிபட்டது? நான் அப்போது குமர்ப்பிள்ளை. ரேடியோவில் கேட்டு வீடே அழுதது" என்றார்.

மகன் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு அந்தச் சம்பவம் தெரியாது. இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1974 டிசம்பர் 4, துல்கஃதா மாதம். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து 182 ஹஜ் பயணிகளும் 9 பணியாளர்களும் டி.சி. 8 விமானமொன்றில் ஜித்தாவுக்குப் புறப்பட்டார்கள். வழியில் கட்டுநாயக்கவில் இறங்க வேண்டும். இரவு பத்து மணி கடந்த நேரம். விமான நிலையத்தை நெருங்கிவிட்டோம் என்று நினைத்து விமானிகள் கீழே இறங்கினார்கள். உண்மையில் இன்னும் ஏறத்தாழ 75 கிலோமீற்றர் இருந்தது. கீழே இருந்தது மஸ்கெலியாப் பக்கத்து மலைநாடு. சப்தகன்னியர் மலைத்தொடரில் மோதி 191 பேரும் மறைந்தார்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.

விமானம் இருந்த இடத்தைத் தவறாக அடையாளம் கண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என்று விசாரணை சொன்னது. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் காலநிலை ராடாரையும் நம்பியதால் இந்தத் தவறு நேர்ந்திருக்கலாம் என்றும் சொன்னது.

மகன் ஒன்றும் பேசவில்லை. கம்பியூட்டரில் சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் புதிய பாதை ஒன்றைப் போடத் தொடங்கினான். நான் ராத்தாவின் கையில் கொப்பியைக் கொடுத்தேன். "நீங்கள் வாசியுங்கள், அவன் இடட்டும்" என்றேன். முதலில் தயங்கினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஆறு பாகை..." என்று வாசித்தார். இரண்டாவது வரியிலேயே, "மகன், ஐம்பது என்று இருக்கிறது, நீ பதினைந்து போட்டிருக்கிறாய்" என்றார். அவன் சிரித்துவிட்டான். மூன்று நாளைக்குப் பிறகு!

"நம் பாவாத மலை எவ்வளவு உயரம்?" என்று மூத்தம்மா கேட்டார்.

"7,359 அடி."

"அவர்கள் எவ்வளவு உயரத்தில் வந்து அடிபட்டார்கள்?"

"4,350 அடி அளவில், மூத்தம்மா." மழை விட்ட நாளில் இரத்தினபுரியிலிருந்து நாம் அண்ணாந்து பார்க்கும் மலை அது. அந்தப் பாவப்பட்ட விமானம் அதைவிட மூவாயிரம் அடி கீழே வந்திருக்கிறது! அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

சகோதரிகளே, அந்த விமானிகள் படிக்காதவர்கள் அல்ல. "இன்ன இடத்தில் இருக்கிறோம்" என்று தாம் நம்பியதை இன்னொரு வழியில் உறுதிசெய்யாமல் இறங்கினார்கள். நாமும் வீட்டில் அதைத்தானே செய்கிறோம்? "என் பிள்ளை கெட்டுப்போகிறான்" என்று ஒரே பார்வையில் முடிவுகட்டி சுவிட்சை அணைக்கிறோம். பிள்ளையும் "உம்மாவுக்கு ஒன்றும் விளங்காது" என்று முடிவுகட்டுகிறான். இரண்டும் தவறான கணக்கு.

அதற்காக இரவு முழுவதும் விழித்திருக்க விடச் சொல்லவில்லை. ராத்தாவும் விடவில்லை. இரவு பத்தரைக்கு மூட வேண்டும், பாதி வழியில் இருந்தால் பறப்பைச் சேமித்து வைத்துவிட்டு சுபஹுக்குப் பிறகு தொடரலாம் என்று பேசி முடித்தார்கள். சேமித்து வைக்க முடியும் என்பதே ராத்தாவுக்கு அன்றுதான் தெரிந்தது! மகன் அதைச் சொன்னதுமில்லை, அவர் கேட்டதுமில்லை.

உங்கள் வீட்டில் இப்படியொரு பிள்ளை இருந்தால், இன்று மஃரிபுக்குப் பிறகு தேநீர்க் கோப்பையோடு அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். திட்ட வேண்டாம், புகழவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மகன், நாம் இப்போது எங்கே இருக்கிறோம்?"

அவன் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். பிறகு கொப்பியை வாங்கிச் சரிபாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.