ஆதார் அட்டையின் க்யூஆர் குறி: சுருக்கம் வேறு, பூட்டு வேறு

ஆதார் அட்டையில் இப்போது அச்சாகும் குறிக்குப் 'பாதுகாப்பான க்யூஆர்' என்று பெயர். 2018-க்கு முந்தைய குறிகளில் பெயரும் முகவரியும் எக்ஸ்எம்எல் வடிவில், எவரும் வாசிக்கும்படி வெளிப்படையாகக் கிடந்தன. புதிய குறியைச் சாதாரண ஸ்கேனர் செயலியில் காட்டினால் நீண்டு செல்லும் ஓர் எண் மட்டுமே திரையில் தோன்றுகிறது. அதைக் காண்பவர், தரவு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்று நம்பிவிடுகிறார். அந்நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லை. அங்கு நிகழ்ந்திருப்பது சுருக்கம் மட்டுமே. சுருக்கத்துக்குச் சாவி கிடையாது.

பைத்தான் மொழியில் ஏழெட்டு வரிகள் போதும். அந்தப் பேரெண்ணைப் பைட்டுகளாக மாற்றினால் முதலிரு பைட்டுகள் 31, 139 என வரும். அது ஜிஸிப் வடிவத்தின் முத்திரை. நினைவகத்திலேயே அதை விரித்தால் அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், பெயர், பிறந்த தேதி, பாலினம், வீட்டு எண், தெரு, அஞ்சல் குறியீட்டெண் எல்லாம் வரிசையாக வெளிப்படும். புலத்துக்குப் புலம் இடையே 255 என்ற பைட் பிரிகுறியாக நிற்கும். பின்னால் ஜேபெக் 2000 வடிவில் ஒரு சிறு புகைப்படம்; இறுதி 256 பைட்டுகளில் மின்னணுக் கையொப்பம். (தமிழகத்தில் வழங்கப்பட்ட அட்டையின் முகத்தில் தமிழ்ப் பெயர் உண்டு; குறிக்குள் அது இல்லை. குறியின் எழுத்துருவாக்கம் ஐஎஸ்ஓ 8859-1. அதில் தமிழுக்கு இடமில்லை.)

பைட்டுகளைப் பதின்ம எண்ணாக்கி அச்சிடுவது வீண்செலவு எனத் தோன்றலாம். உண்மை வேறு. க்யூஆர் குறியின் எண்முறையில் மூன்று இலக்கங்கள் பத்து பிட்டுகளில் அடங்கும். ஆகவே இழப்பு மிகச் சிறிது. பைட் முறையில் ஒவ்வொரு ஸ்கேனரும் எழுத்துருவாக்கத்தைத் தன் விருப்பப்படி ஊகித்துத் தரவைச் சிதைக்கும் தொல்லையும் இதனால் நீங்குகிறது. நல்ல பொறியியல்தான். குறை, பெயரிலும் அப்பெயர் வளர்க்கும் மயக்கத்திலும் இருக்கிறது.

இதன் விளைவைத் தில்லியின் லக்ஷ்மிபாய் நகரையும் கோட்லா முபாரக்பூரையும் வைத்துப் பார்க்கலாம். வாடகைக்கு அறை தேடி வரும் மாணவர், காவல் துறையின் குடியிருப்போர் சரிபார்ப்புக்காக அட்டையின் படத்தைத் தரகருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். எச்சரிக்கையுள்ளவர் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட அட்டையை அனுப்புவார். இன்னும் எச்சரிக்கையுள்ளவர் முகவரிமேல் கறுப்புப் பட்டையும் இடுவார். க்யூஆர் குறியை மறைப்பவர் அரிது. பட்டையின் கீழ் மறைந்த முகவரி முழுவதும் அந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது.

மாணவர்க்கு இது தெரியாமைக்குக் கல்வியும் பொறுப்பு. லக்ஷ்மிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று உண்டு. அது போன்ற மத்திய வாரியப் பள்ளிகளில் கணினி அறிவியலைத் தேர்வோருக்குப் பைத்தானே பாடமொழி. உரைக்கோப்பு, இருமக் கோப்பு, சிஎஸ்வி கோப்பு என மூவகைக் கோப்புகளையும் அவர்கள் திறந்து மூடப் பழகுகிறார்கள். தரவு என்றால் கோப்பு என்ற எண்ணம் அங்கேயே வேரூன்றிவிடுகிறது. கோப்பே இல்லாமல் நினைவகத்தில் ஒரு பைட் வரிசையைச் சுருக்கி விரிக்கலாம் என்பது பாடத்தில் இடம்பெறுவதில்லை.

அந்தப் பழக்கம் கல்லூரிச் செயல்திட்டங்களில் தலைகாட்டுகிறது. ஸீலிப் நூலகத்தின் விரிப்புச் செயற்கூறு, இயல்பாகத் தன் சொந்தத் தலைப்பையே எதிர்பார்க்கும். ஜிஸிப் தரவைக் கொடுத்தால் தலைப்புப் பிழை என்று மறுக்கும். சாளர அளவுக்கான அளபுருவில் 15-க்குப் பதிலாக 31 என்று இட்டால் சிக்கல் தீர்ந்தது. இதை அறியாதவர் பைட்டுகளை வட்டில் ஒரு தற்காலிகக் கோப்பாக எழுதி, அதைக் கோப்பாகத் திறந்து விரிக்கிறார். நிரல் சரியாகவே ஓடும். ஆனால் ஆய்வகக் கணினியின் வட்டில், எவரோ ஒருவரின் பிறந்த தேதியும் முகமும் தங்கிவிடும். நினைவகத்தில் வேலையை முடிப்பதற்கு வேகத்தைக் காரணமாகச் சொல்வது வழக்கம். இங்கு அதைவிட வலுவான காரணம் இந்த எச்சம்தான்.

இதைவிடப் பெரிய பிழை, விரிந்தது ஆகவே மெய்யானது என்று கொள்வது. ஜிஸிப் வடிவின் இறுதியில் ஒரு சரிபார்ப்புத் தொகை இருக்கிறது. வழியில் தற்செயலாக நேரும் சிதைவைக் கண்டுபிடிக்க மட்டுமே அது உதவும். பெயரை மாற்றி மீண்டும் சுருக்குபவருக்குப் புதிய தொகை தானாகவே அமைந்துவிடும். அட்டையின் நம்பகம் முழுவதும் அந்த 256 பைட் கையொப்பத்தில் அடங்கியுள்ளது. விரித்த தரவிலிருந்து அப்பகுதியை நீக்கி, எஞ்சியதை ஆணையத்தின் பொதுச் சாவியைக் கொண்டு சோதித்த பின்னரே அட்டை செல்லும் என்று கூறலாம். பெயரைத் திரையில் காட்டுவதோடு நின்றுவிடும் செயல்திட்டத்துக்குச் 'சரிபார்ப்புச் செயலி' என்று பெயரிட அனுமதிக்கலாகாது.

புலங்களைப் பிரிப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. தரவு முழுவதையும் 255 என்ற பைட்டில் வெட்டினால் புகைப்படமும் துண்டுதுண்டாகும். ஜேபெக் 2000 கோப்பின் உள்குறிகளே 255-இல்தான் தொடங்குகின்றன. உரைப் புலங்களின் எண்ணிக்கைக்கு மட்டும் வெட்டி நிறுத்த வேண்டும்.

விரிப்புக் குண்டு பற்றிய அச்சத்தையும் அளந்து பார்ப்பது நல்லது. ஜிஸிப்பின் உள்ளிருக்கும் டிஃப்ளேட் முறை, மிகுதியாக 1032 மடங்கு வரை விரியும். ஒரு க்யூஆர் குறி தாங்குவது 2953 பைட். ஆகவே மிக மோசமான குறியும் சுமார் 30 லட்சம் பைட்டுக்கு மேல் போகாது. எந்தக் கைப்பேசியும் அதைத் தாங்கும். அதே செயற்கூற்றைக் கோப்புகளை ஏற்கும் இணையச் சேவையின் பின்னால் வைக்கும்போது நிலைமை மாறுகிறது: 10 மெகாபைட் பதிவேற்றம் 10 ஜிகாபைட் நினைவகத்தைக் கேட்கும். ஒரே அழைப்பில் அனைத்தையும் விரிக்கும் செயற்கூற்றுக்கு இத்தகைய உச்சவரம்பு இல்லை. விரிப்புப் பொருளை உருவாக்கி, வெளியீட்டுக்கு வரம்பிட்டு, முடிவு எட்டப்பட்டதா என்று பார்ப்பதற்குக் கூடுதலாக மூன்று வரிகள் ஆகும்.

இவற்றைக் கற்பிக்க இரண்டு பாடவேளைகள் போதும். எவருடைய உண்மை அட்டையும் வகுப்புக்கு வரவேண்டியதில்லை; மாணவரே கற்பனைப் பெயர்களைக் கொண்டு ஒரு தரவுத் தொகுதியைக் கட்டி, கையொப்பமிட்டு, சுருக்கி, எண்ணாக்கலாம். அடுத்த வரிசை மாணவர் அதை விரித்து, ஒரு பைட்டை மாற்றி, மீண்டும் சுருக்கித் திருப்பித் தரட்டும். விரிப்பு வெற்றி பெறுவதையும் கையொப்பம் தோற்பதையும் இருவரும் ஒரே திரையில் காண்பார்கள்.