பண்டிகை லீவு: தானமா, உரிமையா?

தீபாவளிக்கு முந்தின நாள் மாலை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். சிப்காட் பக்கமிருந்து ஷிப்ட் முடிந்த தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். தோளில் ஒரு பை. கையில் பிள்ளைகளுக்கு வாங்கிய துணிப் பொட்டலம். தர்மபுரி, சேலம், திருவண்ணாமலை, மதுரை என்று போர்டு போட்ட பஸ்கள் பெங்களூரிலேயே நிரம்பி, ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டி மூச்சுத் திணற வருகின்றன. ஏறினால் நிற்க இடம் உண்டு, உட்கார இடமில்லை. ராத்திரி முழுவதும் நின்றுகொண்டே போய், விடிகிற நேரத்தில் வீட்டுப் படி ஏறுகிறான் தொழிலாளி. எண்ணெய்க் குளியலுக்கு முன்னால் அவனுக்குத் தூக்கம் வருகிறது.

ஒரு நாள் முன்னதாகப் புறப்பட்டிருக்கக் கூடாதா என்று ஊரில் கேட்கிறார்கள். எப்படிப் புறப்படுவது? “வேலையை முடித்துவிட்டுப் போ!” இதுதானே பண்டிகைக்குப் பதினைந்து நாள் முன்பிருந்து நம் காதில் விழுகிற மந்திரம்?

கேட்பதற்கு நியாயமான வார்த்தை. கையில் எடுத்த வேலையை முடிக்காமல் போகிறவன் நல்ல தொழிலாளி அல்ல. அதை நாமே ஒப்புக்கொள்கிறோம். ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்துகிற கை நம்முடைய கை. மெஷின்மீது நமக்கு இருக்கும் அன்பு, அதைப் பார்க்காமலே லாபக் கணக்கு எழுதுகிறவருக்கு இராது. ஆனால் “முடித்துவிட்டுப் போ” என்ற சொல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆலை மூன்று நாள் மூடுகிறது என்றால், அந்த மூன்று நாள் உற்பத்தியையும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும் என்பது பல மானேஜ்மெண்டுகளின் கணக்கு. அதற்காக முந்தின ஞாயிற்றுக்கிழமைகள் வேலை நாளாகின்றன. இதற்கு ‘காம்பன்சேஷன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எட்டு மணி ஷிப்ட் பன்னிரண்டு மணியாக நீள்கிறது. பெரிய ஆலை ஆர்டரைக் கூட்டினால், அதற்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறையில் ராத்திரி விளக்கு அணைவதில்லை. ஆக, லீவு கொடுத்தது யார்? தொழிலாளி தன் ஞாயிற்றுக்கிழமைகளை விற்று, தீபாவளியை விலைக்கு வாங்கியிருக்கிறான். கொடுத்தவர் என்ற பெயர் மட்டும் முதலாளிக்கு!

ஆபீசிலே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவின் கதை வேறா? ஆஜர் பட்டியலைச் சரிபார்த்து, ஓவர்டைம் கணக்கைக் கூட்டி, போனஸ் பட்டியலைப் போட்டு முடிக்கும்வரை அவருக்கும் விடுதலை இல்லை. அவர் எழுதும் பட்டியலில் அவருடைய ஓவர்டைம் மட்டும் ஏறுவதில்லை. ‘ஸ்டாப்’ என்று பட்டம் கொடுத்து, மணிக்கணக்கு கேட்கக் கூடாது என்று வாயைக் கட்டியிருக்கிறார்கள். பஸ்ஸில் நம் பக்கத்திலேதான் அவரும் நின்றுகொண்டு வருகிறார். அவரும் நம்மவர்தான் என்பதை நாமும் மறக்கக் கூடாது, அவரும் மறக்கக் கூடாது.

லீவு யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. பம்பாய் மில் தொழிலாளிகளுக்கு ஒரு காலத்தில் வாரத்தில் ஒரு நாள் ஓய்வுகூடக் கிடையாது. நாராயண் மேகாஜி லோகாண்டே 1884-ல் அவர்களைத் திரட்டத் தொடங்கினார். மனுக் கொடுத்து, கூட்டம் போட்டு, ஆறு வருடம் போராடிய பிறகுதான் 1890 ஜூன் மாதம் ஞாயிறு விடுமுறை கிடைத்தது. பிரான்ஸ் நாட்டில் சம்பளத்துடன் கூடிய இரண்டு வார லீவு 1936-ல் சட்டமாயிற்று. அந்த வருடம் லட்சக்கணக்கான தொழிலாளிகள் ஆலைகளுக்கு உள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். சென்னைக் கடற்கரையில் 1923-ல் தோழர் சிங்காரவேலர் மே தினக் கொடியை ஏற்றியபோது, அந்த நாளை லீவு நாளாக்க வேண்டும் என்பதும் தொழிலாளியின் கோரிக்கையே. இன்று மே தினம் சம்பளத்துடன் கூடிய விடுமுறை.

நம் மாநிலத்தில் 1958-ல் தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் வந்தது. அதன்படி இன்று ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாலு நாட்களும், அவற்றுடன் பண்டிகைக்காக ஐந்து நாட்களும் சம்பளத்துடன் விடுமுறை. அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். அல்லது அன்றைய சம்பளத்தையும் கொடுத்து, பதிலாக இன்னொரு நாள் சம்பளத்துடன் லீவு விட வேண்டும். கவனியுங்கள், தோழர்களே! பண்டிகை நாளில் வேலை செய்தால்தான் பதில் லீவு என்று சட்டம் பேசுகிறது. பண்டிகைக்கு லீவு விட்டதற்காக ஞாயிற்றுக்கிழமை பதில் வேலை செய் என்று அது எங்கும் சொல்லவில்லை. தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள் சட்டத்தை!

“எல்லைக்கு அப்பால் ஆலை ஓடுகிறது, நாம் மூடினால் ஆர்டர் போய்விடும்” என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். கர்நாடகத்திலும் 1963 முதல் இதே மாதிரிச் சட்டம் உண்டு. அத்திப்பள்ளித் தொழிலாளியைக் காட்டி ஓசூர்த் தொழிலாளியை மிரட்டுவதும், ஓசூரைக் காட்டி அங்கே மிரட்டுவதும் பழைய தந்திரம். இன்னொரு தந்திரமும் உண்டு. இந்த வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நாலு பாஷை பேசுகிறவர்கள் ஒரே மெஷின் வரிசையில் நிற்கிறோம். ஒருவருக்குப் பொங்கல், ஒருவருக்கு யுகாதி, ஒருவருக்கு ரம்ஜான். ஐந்து நாளை உங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். நாம் ஒருவர் பண்டிகையை ஒருவர் பறிப்பதில்லை. எல்லோரும் சேர்ந்து ஆறாவது நாளைக் கேட்போம்.

இதெல்லாம் ஆஜர் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் கதை. காண்டிராக்டர் ஆளின் கதை என்ன? ஒரே கேட்டில் நுழைகிறான், ஒரே வேலையைச் செய்கிறான். ஆனால் பல இடங்களில் ஆலை மூடும் நாட்களில் அவனுக்குக் கூலி கிடையாது. நிரந்தரத் தொழிலாளிக்குப் பண்டிகை என்றால் போனஸ். அவனுக்குப் பண்டிகை என்றால் மூன்று நாள் பட்டினிக் கணக்கு. 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம், வருடத்தில் 240 நாள் வேலை செய்தவனுக்கு 20 நாளைக்கு ஒரு நாள் வீதம் சம்பள லீவு என்று வகுத்தது. 2025 நவம்பர் 21 முதல் அமல் என்று மத்திய அரசு அறிவித்த புதிய தொகுப்புச் சட்டம் அந்த 240-ஐ 180 ஆகக் குறைத்திருக்கிறது. எண் குறைந்தது நல்லதுதான். ஆனால் நாலு மாதத்துக்கு ஒரு தரம் பெயரை அடித்து, வேறு காண்டிராக்டர் பட்டியலில் மறுபடி எழுதினால் 180 எங்கிருந்து வரும்? ஏட்டில் ஆளே இல்லையென்றால் சட்டம் யாரைத் தேடிப் போகும்?

ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மோடு வேலை செய்கிற தோழர்களுக்கு ஊர் போய்ச் சேரவே இரண்டு மூன்று நாள். போக வர ரயில் சார்ஜும், பிரயாண நாட்களுக்குக் கூலியும் காண்டிராக்டர் தர வேண்டும் என்று 1979-ல் வந்த வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. அதைக் கையில் வாங்கியவரை இந்த வட்டாரத்தில் நாம் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பண்டிகைக் கூலி இல்லாத குடும்பம் என்ன செய்யும்? பிள்ளைகளை நாலு வாரத்துக்கு எங்காவது வேலைக்கு அனுப்பும். 2023 அக்டோபர் 7-ந் தேதி நடந்ததை நாம் மறக்கவில்லை. எல்லைக்கு அப்பால் சில மைல் தூரத்தில், அத்திப்பள்ளியில், பட்டாசுக் கடையில் சரக்கு இறக்கும்போது தீப்பிடித்தது. பதினாலு பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து தீபாவளிச் சமயத்து வேலைக்கு என்று போன இளைஞர்களே பெரும்பாலோர். தர்மபுரி மாவட்டத்து அம்மாபேட்டை என்ற ஒரே கிராமத்தில் பல வீடுகளில் அந்தத் தீபாவளிக்கு விளக்கு எரியவில்லை. பண்டிகைச் செலவுக்குப் பணம் சேர்க்கப் போன பிள்ளை, பண்டிகைக்கு முன்பே பிணமாக வந்தான். இதை விதி என்று சொல்லி நாம் தலை குனிய மாட்டோம்.

வயலில் வேலை செய்கிற நம் சகோதரிகளின் நிலை இன்னும் மோசம். ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கத்துப் பூந்தோட்டங்களிலும் கண்ணாடி போன்ற பசுமைக் குடில்களிலும் ரோஜா பறிக்கிறவர்களுக்கு, ஊருக்கெல்லாம் பண்டிகை என்றால் அதுதான் முதுகு ஒடிகிற வாரம். ஆயுத பூஜைக்குச் சாமந்தி, பொங்கலுக்கு மாலை, பிப்ரவரியில் சீமைக்குப் போகிற ரோஜா. பூ காத்திருக்காது என்பது உண்மைதான். அதற்காகப் பறிக்கிறவள் ஓய்வு இல்லாமல் வாட வேண்டுமா? 1948-ல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம் விவசாய வேலையையும் பட்டியலில் சேர்த்தது. ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு, அந்த ஓய்வுக்கும் கூலி என்று விதிக்க அதில் இடம் இருந்தது. ஓய்வு நாளுக்குக் கூலி வாங்கிய விவசாயத் தொழிலாளி உண்டா என்று உங்கள் சேரியில் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். பண்டிகைக்குக் கிடைப்பது லீவு அல்ல, அட்வான்ஸ். அது தை பிறந்ததும் கடனாகத் திரும்பி வரும்.

போனஸ் விஷயமும் அப்படியே. மார்ச் 31-ல் கணக்கு முடிந்தால் எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30-க்குள், போனஸ் கொடுத்தால் போதும் என்பது 1965-ம் வருடத்து ஏற்பாடு. தீபாவளியோ அதற்கு முன்பே வந்துவிடுகிறது. ஆகவே கேட்டால் “இன்னும் தேதி இருக்கிறது” என்று பதில். கேட்காவிட்டால் கடைசி நாள் மாலை. கடை மூடுகிற நேரத்தில் பணம் வந்தால் தொழிலாளி வட்டிக்காரனிடம் ஏற்கெனவே போய் வந்திருப்பான். 8.33 சதவீதத்தில் வட்டிக்காரனுக்கும் ஒரு பங்கு!

ஆகவே நாம் கேட்பது இவைதான். பண்டிகை லீவுக்குப் பதில் வேலை கூடாது. வருட ஆரம்பத்திலேயே தொழிலாளிகளைக் கலந்து லீவுப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். கேட்டுக்குள் நுழைகிற ஒவ்வொருவருக்கும், காண்டிராக்டர் ஆளானாலும், பண்டிகை நாளுக்குச் சம்பளம் தர வேண்டும். போனஸ் பண்டிகைக்குப் பதினைந்து நாள் முன்னால் கைக்கு வர வேண்டும். பண்டிகைக்கு முந்தின நாள் பகல் ஷிப்டோடு ஆலையை நிறுத்தி, சர்க்கார் போதிய பஸ் விட வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் கூலியோடு ஓய்வு வேண்டும்.

இது நடக்குமா என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். 2023 ஏப்ரல் 21-ந் தேதி பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா சென்னைச் சட்டசபையில் நிறைவேறியது. கொடி வித்தியாசம் பாராமல் தொழிற்சங்கங்கள் எழுந்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, அது வாபஸ் என்று முதலமைச்சரே அறிவித்தார். ஒற்றுமை என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வேலையை முடித்துவிட்டுத்தான் நாம் வீடு போவோம். ஆனால் அது எட்டு மணி நேரத்து வேலையாக இருக்கட்டும். போகும்போது கையில் சம்பளமும், பஸ்ஸில் உட்கார இடமும் இருக்கட்டும். பிள்ளைகள் விழித்திருக்கும்போதே அப்பன் வீடு போய்ச் சேரட்டும். இதைக் கேட்பது பேராசையா, தோழர்களே?

இந்தப் பண்டிகைக்கு ஊர் போகும் முன், உங்கள் ஆலையிலும் உங்கள் தெருவிலும் சங்கக் கூட்டம் ஒன்று போடுங்கள். காண்டிராக்டர் ஆளையும், ஆபீஸ் குமாஸ்தாவையும், பூப்பறிக்கும் சகோதரியையும் கூப்பிடுங்கள். முடிக்க வேண்டிய வேலைகளில் முதல் வேலை அதுதான்.