ஒரே இல்லத்தில் இரு நோயாளர்



வீட்டில் ஒருவர் நோயுற்றால் மற்றவர்கள் அவரைத் தாங்கிக்கொள்வர். தாங்க வேண்டியவருள் ஒருவரும் உடன் நோயுற்றால் அக்குடும்பம் யாது செய்யும்?

மேற்கு மாம்பலத்தில் ஓர் எளிய இல்லத்தை எண்ணிப் பாருங்கள். தந்தைக்குச் சிறுநீரகம் பழுதுற்றதால் வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் டயாலிசிஸ் நடைபெறுகிறது. அந்நாட்களில் தாயின் மார்பில் கட்டி ஒன்று தென்படுகிறது. "முதலில் அப்பாவுக்குக் குணமாகட்டும், என்னைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் தாய்.

கேட்பதற்குத் தியாகமாகத் தோன்றும். ஆனால் நாட்பட்ட சிறுநீரகப் பழுதுக்கு டயாலிசிஸ் முடிந்துவிடும் சிகிச்சை அன்று. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டாலன்றிப் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தொடர்வது. ஆகவே அத்தாய் சொல்லும் 'பிறகு' வரவே வராது. கட்டியோ எவருக்காகவும் காத்திராது. இருவர் நோயுறும் இல்லத்தில் ஒருவர் ஓசையின்றிப் பின்தள்ளப்படுகிறார். நம் குடும்பங்களில் அவர் பெரும்பாலும் தாயே. பிள்ளைகள் அவர் சொல்லை ஏற்காமல் அவ்வாரமே பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். லேக் வியூ சாலையில் எம்.சி. சுப்பிரமணியம் 1950-களில் தோற்றுவித்த பப்ளிக் ஹெல்த் சென்டர் நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. 1954 முதல் பணியாற்றிவரும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் நெடுந்தொலைவன்று.

சிகிச்சை தொடங்கியபின் கருத வேண்டியவை சில உண்டு.

முதலாவது, நேரம். கதிர்வீச்சுச் சிகிச்சை வழக்கமாக வாரம் 5 நாட்கள் நடைபெறும். டயாலிசிஸ் நாட்களோடு அது மோதும். வீட்டில் இன்னொரு நோயாளர் இருப்பதை இரு மருத்துவமனைகளிலும் தொடக்கத்திலேயே கூறி, ஒருவருக்குக் காலையும் மற்றவருக்குப் பிற்பகலும் கேட்டுப் பெறலாம்.

இரண்டாவது, உணவும் மருந்தும். நோயாளி என்றதும் இளநீர் வாங்கி வருவது நம் வழக்கம். தாய்க்கு அது இதமளிக்கலாம். தந்தைக்கோ அதிலுள்ள பொட்டாசியம் இதயத்துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். தாயின் வலி மாத்திரையைத் தந்தை எடுத்து விழுங்குவதும் ஆபத்து. இருவருக்கும் தனித்தனி மருந்துப் பெட்டியும் குறிப்பேடும் வையுங்கள். கீமோதெரபி பெறுபவருக்குக் காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது, பணம். 2012-இல் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. அது ஆளுக்கு உரிய தொகையன்று, குடும்பம் முழுமைக்கும் உரியது. ஒருவருக்கே எல்லாம் செலவாகிவிடாதபடி, இதுவரை எவ்வளவு கழிந்துள்ளது என்பதை அவ்வப்போது கேட்டறியுங்கள். ஒருவரின் சிகிச்சையையேனும் அரசு மருத்துவமனையில் அமைத்துக்கொள்ள இயலுமா என்றும் ஆராயுங்கள்.

இறுதியாக, இவ்விருவரையும் சுமக்கும் மகளையோ மருமகளையோ மறவாதீர்கள். உறங்காமலும் உண்ணாமலும் ஓடுபவர் விரைவில் மூன்றாம் நோயாளர் ஆகிவிடுவார். வெளியூரில் வாழும் அண்ணன் தம்பியர் பணம் அனுப்புவதோடு கடமை தீர்ந்ததென எண்ணாமல், விடுப்பெடுத்து வந்து ஒரு வாரமேனும் பொறுப்பை ஏற்கட்டும். அண்டை வீட்டாரும் பங்கு மக்களும், "ஏதேனும் வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று கூறிச் செல்வதைக் காட்டிலும், "புதன்கிழமை அப்பாவுடன் நான் துணைக்கு இருக்கிறேன், நீ அம்மாவை அழைத்துச் செல்" என்று நாளைக் குறித்துச் சொல்வதே மேலான உதவி. அந்த ஒரு புதன்கிழமை கிடைத்தால், அத்தாயின் சிகிச்சை ஒரு நாளும் தவறாது.