கையெழுத்து யாருடையது?

குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவே திலக் நகர் ஸ்டேஷனில் தினமும் ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேர், அந்தத் திலகர் என்ன வேலை பார்த்தார் என்று யோசித்திருப்பார்கள்? சுதந்திரப் போராட்டத் தலைவர், கணபதி விழாவை வீதிக்குக் கொண்டு வந்தவர் என்பார்கள். அவர் ஒரு பத்திரிகையாசிரியர் என்பது நான்காவதோ ஐந்தாவதோதான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சென்ற மாதம் என் அக்கா பேரன் ஒரு படக்கதைப் புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். அதைப் புரட்டிய பிறகுதான் இந்த யோசனையெல்லாம் வந்தது.

அவன் கல்லூரிப் படிப்புக்காக எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறான். படக்கதை என்றால் எங்கள் தலைமுறைக்குச் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும்தான். இரும்புக்கை மாயாவிக்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர்கள் இந்த இதழின் வாசகர்களிலும் இருப்பார்கள். ரிப்போர்ட்டர் ஜானி என்று ஒருவரும் வருவார். பெயர்தான் ரிப்போர்ட்டர், அவர் உட்கார்ந்து செய்தி எழுதி நான் பார்த்த ஞாபகமில்லை. துப்பறிந்துகொண்டே இருப்பார். பேரன் வைத்திருந்த புத்தகத்திலும் நாயகன் நிருபர்தான். ஆனால் இவன் எழுதுகிறான். எழுதியதற்காகவே உதைபடுகிறான்.

புத்தகத்தின் பெயர் டிரான்ஸ்மெட்ரோபாலிடன். வாரன் எல்லிஸ் எழுத, டாரிக் ராபர்ட்சன் படம் போட்டது. 1997 முதல் 2002 வரை அமெரிக்காவில் 60 இதழ்களாக வெளிவந்தது. எதிர்காலத்தில் ஒரு மாநகரம். அதற்குப் பெயரில்லை, நகரம் என்றே சொல்கிறார்கள். நடப்பது எந்த ஆண்டு என்று அங்கே வாழ்கிறவர்களுக்கே தெரியாது. ஐந்து வருடம் மலையில் ஒளிந்து கிடந்த ஸ்பைடர் ஜெருசலேம் என்ற மொட்டைத் தலை நிருபர், முன்பணம் வாங்கிய புத்தகத்தை எழுதித் தர வேண்டிய கட்டாயத்தால் அந்த நகரத்துக்குத் திரும்புகிறான். ஒரு கண்ணாடி வட்டம், ஒரு கண்ணாடி சதுரமாக ஒரு மூக்குக் கண்ணாடி. எவரையும் மதிக்காத வாய். வந்த சூட்டிலேயே, ஒதுக்கப்பட்ட ஒரு கூட்டத்தார் குடியிருக்கும் பகுதியில் போலீஸ் தடியடி நடத்துவதை, மொட்டை மாடியில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தபடியே எழுதி அனுப்புகிறான். ஊர் முழுக்க அதைப் படிக்கிறது. போலீஸ் பின்வாங்குகிறது. வீடு திரும்பும் வழியில் அவனுக்குச் செம்மையாக விழுகிறது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது குழந்தைகளுக்கான புத்தகம் அல்ல. பக்கத்துக்குப் பத்து கெட்ட வார்த்தை, போதைப் பழக்கம், இன்னும் இங்கே எழுத முடியாதவை. "தாத்தா, நீங்க இதைப் படிக்க வேண்டாம்" என்று பேரனே பிடுங்கப் பார்த்தான். முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் கேங்மேன்களோடு வேலை பார்த்தவனுக்கு எந்த வார்த்தையடா புதிது என்று கேட்டேன். கொடுத்துவிட்டான்.

அதில் என்னை உலுக்கியது சண்டைக் காட்சிகள் அல்ல. மேரி என்று ஒரு பெண்மணி. நம் காலத்தில் உலகம் சுற்றிப் புகைப்படம் எடுத்தவள். இறந்தபின் தன்னை உறைய வைத்து, என்றாவது விஞ்ஞானம் எழுப்பும் என்று நம்பிப் பணம் கட்டியவள். எழுப்பியும் விடுகிறார்கள், புது உடம்போடு. ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது. அவள் கண்டதையும் கேட்டதையும் யாரும் விசாரிக்கவில்லை. ஒரு விடுதியில் படுக்கை கொடுத்து மறந்துபோகிறார்கள். அவளைப் போல நூற்றுக்கணக்கான பேர். 1982-ல் டிப்ளமா சான்றிதழும் டிரங்குப் பெட்டியுமாக நான் தாதரில் இறங்கி, முதல் முறையாக மேம்பாலத்தில் கூட்டத்தின் நடுவே நின்ற காலை நேரம் ஞாபகம் வந்தது. வரச் சொன்ன ஊர்தான். வந்தவனை ஏனென்று கேட்க ஆளில்லை. நம்மில் பலர் அந்த விடுதியில் ஒரு காலத்தில் படுத்திருந்தவர்கள்தான். அந்த முரட்டு நிருபர், வாயை மூடிக்கொண்டு, மேரியின் கதையை மட்டும் எழுதுகிறான். அறுபது இதழிலும் அவன் செய்த நல்ல காரியம் அதுதான் என்பேன்.

பேரனுக்கு ஸ்பைடர் ஒரு வீரன். எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. அவன் எழுதுகிறான், அடியும் படுகிறான், சரி. சுற்றி இருப்பவர்கள் என்ன ஆகிறார்கள்? ஜனாதிபதித் தேர்தலில் நிற்கும் ஒரு புன்னகை மன்னனிடம் வேலை பார்க்கும் வீட்டா செவர்ன் என்ற பெண்ணை அவன் மனதார மெச்சுகிறான். ஊருக்கும் அவளைப் பிடித்துப் போகிறது. அனுதாப ஓட்டுக்காக அந்தப் புன்னகைக்காரன் அவளையே பலி கொடுத்துவிடுகிறான். பத்திரிகை நிருபரை வெளியே தள்ளியபோது அவனுடைய இரண்டு பெண் உதவியாளர்களும் அவனோடு தலைமறைவாக வேண்டியதாயிற்று. பேனா ஒருவருடையது, விலை இன்னொருவருடையது.

இதைச் சொன்னதும், "கதைதானே தாத்தா" என்றான். கதை இல்லாமல் நடந்ததை அவனுக்குச் சொன்னேன்.

1906-ல் சென்னையில் 'இந்தியா' என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது. மண்டயம் குடும்பத்தார் நடத்தியது, எழுதியவர் பாரதியார். தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரத்தை முதலில் கொண்டு வந்தவர் அவரே. ஆங்கில அரசாங்கத்தையும் மிதவாதிகளையும் படம் போட்டுக் கிழித்தார். அதே ஆண்டுகளில்தான் 'ஞானரதம்' எழுதினார். 1910-ல் நூலாக வந்தது. விஞ்ஞானக் கதை என்று சொல்ல முடியாது. ஆனால் திருவல்லிக்கேணியில் வீட்டில் இருந்தபடியே மனோரதம் ஏறி, கந்தர்வ லோகம் சத்திய லோகம் என்று பறந்துபோய், இந்த மண்ணுலகத்தின் கடன் தொல்லையும் கவலையும் எப்படி இருக்கின்றன என்று ஒரு பத்திரிகைக்காரன் பார்க்கும் கதை. நம் ஸ்பைடருக்குப் பாட்டனார் முறை.

1908-ல் அரசாங்கம் 'இந்தியா' மீது ராஜத்துரோக வழக்குப் போட்டது. கைதானவர் பாரதியார் அல்ல. அதிகாரப்பூர்வமாக ஆசிரியர் என்று பதிவாகியிருந்தவர் எம். சீனிவாசன் என்பவர். ஐந்து வருடத் தண்டனை அவருக்கு. நண்பர்கள் வற்புறுத்தியதால் பாரதியார் பிரெஞ்சுப் புதுச்சேரிக்குப் போனார். பத்திரிகையும் பின்னால் அங்கே போய் 1910 வரை நடந்தது.

பாரதியாரைக் குற்றம் சொல்லும் தகுதி எனக்கில்லை. அவர் சிறைக்குப் போயிருந்தால் புதுச்சேரியில் எழுதியவற்றில் பாதிகூட நமக்குக் கிடைத்திருக்காது. அந்தப் பத்து வருட அஞ்ஞாதவாசமும் சுகவாசம் அல்ல. 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கடலூரில் கைது செய்தார்கள். குற்றவாளி யார் என்றால் வெள்ளைக்கார அரசாங்கம்தான். எல்லாம் தெரிகிறது. ஆனாலும் நாம் செப்டம்பரிலும் டிசம்பரிலும் பாரதி விழா நடத்தி, பிள்ளைகளுக்கு முண்டாசு கட்டி மீசை வரைந்து மேடை ஏற்றுகிறோமே, ஒரு வருடமாவது சீனிவாசன் பெயரை யாராவது மைக்கில் சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

திலகர் விஷயத்துக்கு வருகிறேன். 1897-ல் 'கேசரி'யில் வந்தவற்றுக்காக பம்பாய் ஹைகோர்ட்டில் வழக்கு. அவரோடு 'கேசரி'யை அச்சிட்டவரும் கூண்டில் நின்றார். அச்சிட்டவர் விடுதலையானார், திலகருக்கு 18 மாதம். 1908-ல், சீனிவாசன் கைதான அதே வருடம், மறுபடியும் வழக்கு. ஜூலை 22-ம் தேதி ஆறு வருட நாடுகடத்தலும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தார்கள். மாண்டலேக்குக் கொண்டுபோனார்கள். இந்த ஊர் மில் தொழிலாளிகள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தாம் எழுதவில்லை, உதவியாசிரியர் எழுதினார் என்று தப்பிக்கத் திலகர் வழி தேடவில்லை. பத்திரிகையில் வருவது எல்லாம் தம் பொறுப்பு என்று நின்றார். நம் ஸ்டேஷன் பலகையில் இருப்பது அந்த மனிதரின் பெயர்.

ஆயிரம் ரூபாய் என்றதும் இன்னொரு ஆயிரம் ரூபாய் ஞாபகம் வருகிறது. 1987 மார்ச் கடைசியில் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று கேட்பவனுக்கு, இரண்டு வகைத் திருடர்களை அடையாளம் சொல்வதாகப் பதில். மாதுங்காவில் வாங்கி, லோக்கலில் நின்றபடி படித்துச் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் செய்தி வந்தது. தமிழக சட்டசபை உரிமை மீறல் என்றது. மன்னிப்புக் கேட்க மறுத்த ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல். அப்போது சபாநாயகர் பி.எச். பாண்டியன், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். நாடெங்கும் கண்டனம் எழுந்து சில நாட்களிலேயே விடுவித்தார்கள். அவர் அத்தோடு விடாமல் வழக்காடினார். 1994-ல் சென்னை உயர்நீதிமன்றம் தண்டனை செல்லாது என்று கூறி, ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அதைச் செலவழிக்காமல் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்தார் அந்த மனிதர். ஜோக் எழுதியவரையோ படம் போட்டவரையோ முன்னால் தள்ளிவிட்டு அவர் பின்னால் நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்துக்காக அதே விகடனின் இணையதளம் முடக்கப்பட்டது. மார்ச் மாதம், அந்தப் படத்தை இப்போதைக்கு எடுத்துவிட்டால் முடக்கத்தை நீக்கலாம் என்று உயர்நீதிமன்றம் சொன்ன பிறகு திறந்தது.

என் தொழிலில் கீமேன் என்று ஒருவர் உண்டு. தன் பங்குக்கு உள்ள சில கிலோமீட்டர் தண்டவாளத்தைத் தினமும் நடந்தே பார்ப்பவர். சுத்தியலும் ஸ்பானரும் சிவப்புக் கொடியும் கையில் இருக்கும். விரிசல் கண்டால் வண்டியை நிறுத்த வேண்டியது அவர் கடமை. நிறுத்தினால் வண்டியில் உள்ள ஆயிரம் பேரும் அவரைத் திட்டுவார்கள். நல்ல பத்திரிகைக்காரனும் அப்படித்தான். ஆனால் எங்கள் பதிவேட்டில் ஒரு ஏற்பாடு உண்டு: கீமேன் நிறுத்தினார், பொறுப்பு என்னுடையது என்று மேலே இருக்கிற இன்ஜினியர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லையென்றால் அடுத்த முறை எந்தக் கீமேனும் கொடியை உயர்த்தத் தயங்குவார். இதை நான் வேலையில் ஒழுங்காகச் செய்தேன். வேலைக்கு வெளியே ஒரு முறை செய்யவில்லை.

தொண்ணூறுகளில் ஒரு தமிழ் அமைப்பின் ஆண்டு விழா மலருக்கு ஒரு கதை எழுதினேன். கி.பி. 2050-ல் அந்த அமைப்பின் தேர்தல். தலைவர் அதே தலைவர். வரவேற்புரை ஐம்பது வருடமாக ஒரே ஒலிநாடாவில் ஓடுகிறது. மாலை போட ஒரு இயந்திர மனிதன். வரவு செலவுக் கணக்கு எங்கே என்று யாராவது கேட்டால் அதற்குத் தமிழ்த்தாய் வாழ்த்து பாடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் எழுந்து நின்றுதானே ஆக வேண்டும்! எனக்கே பிடித்துப்போன கதை. புனைபெயரில் கொடுத்தேன். மலர் வேலைகளை இலவசமாகச் செய்துகொண்டிருந்த ஒரு இளைஞர், ஆபீஸ் முடிந்து வந்து இரவெல்லாம் புரூஃப் பார்ப்பவர், ரசித்துச் சிரித்து அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

மலர் வெளியான மறுவாரம் கூட்டம். எழுதியது யார் என்று அவரைக் கேட்டார்கள். தெரியும், சொல்ல மாட்டேன் என்றார். அப்படியானால் நீங்கள் இனி வர வேண்டாம் என்றார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மகள் பள்ளி அட்மிஷனுக்குத் தலைவரின் சிபாரிசுக் கடிதம் அப்போது எனக்குத் தேவைப்பட்டது. அந்த இளைஞர் வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போன சத்தம் வரைக்கும் கேட்டது. பிறகு டோம்பிவிலிப் பக்கம் குடிபோனதாகச் சொன்னார்கள். தமிழ் நிகழ்ச்சி எதிலும் அவரை நான் பார்க்கவில்லை.

"அப்புறம் நீங்க போய்ச் சொல்லலையா தாத்தா?" என்றான் பேரன். இல்லை என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

நம் சங்க இதழ்களில் கேள்வி கேட்கும் எழுத்து வருவதில்லை என்று நாமே குறைப்பட்டுக்கொள்கிறோம். பொன்விழா வாழ்த்தும் பயணக் கட்டுரையும் சமையல் குறிப்பும்தான் வருகின்றன. எழுத ஆள் இருக்கிறது. தாங்க ஆள் இல்லை. கேலி எழுதுகிறவர் தம் பெயரைப் போட்டு எழுதட்டும். பெயர் போட முடியாத நிலை உண்மையிலேயே சிலருக்கு உண்டு, பிழைப்பு அப்படி. அப்போது ஆசிரியர் குழு தங்கள் பெயரில் அதை ஏற்றுக்கொள்ளட்டும். புரூஃப் பார்த்த பையன் தலையில் கட்ட வேண்டாம்.

அந்த மலர் இன்னும் சிலர் வீட்டுப் பரணில் இருக்கும். 2050-ம் ஆண்டுக் கதைக்குக் கீழே உள்ள புனைபெயருக்குப் பக்கத்தில், வைத்திருப்பவர்கள் என் பெயரை எழுதிக்கொள்ளலாம். டோம்பிவிலிக் காரர் இதைப் படித்தால், நான் திலக் நகரில்தான் இருக்கிறேன்.